கண்ணொளியும் உணவுக் கூட்டும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கண்ணைப் பற்றியும் கீரையைப் பற்றியும் கட்டுரை எதற்கு என்று வினவுவோர் இருக்கக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்றே பெயரிட்டார். வள்ளுவர் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓலைச் சுவடி தொடங்கி இன்றைய அச்சுப் படி வரை எழுத்தைப் பார்த்தே வாழும் துறை நம்முடையது. கண்ணின் நலம் நமக்குப் புறத்தே கிடக்கும் பொருள் அன்று. மேலும், இப்பொருளில் நம் மொழி சேமித்து வைத்திருக்கும் சொற்கள் சில, மருத்துவ நூலார் பின்னர்க் கண்டறிந்த உண்மைகளுக்கு முன்னோடியாக நிற்கின்றன. அச்சொற்களிலிருந்தே நாம் தொடங்குவோம்.

'மாலைக்கண்' என்னும் சொல்லை நோக்குக. நோயின் பெயரிலேயே அது தோன்றும் பொழுதும் அடங்கியுள்ளது. பகலில் குறையின்றிக் காணும் குழந்தை, கதிரவன் சாய்ந்ததும் வாயிற்படியில் தடுக்கி விழுகிறது. தட்டில் இருக்கும் சோற்றைக் கையால் துழாவுகிறது. தாய் அதைக் கண்டு பெயரிட்டாள். அரபு மருத்துவர்கள் இந்நோயை 'அஷா' என்றனர். இரவுத் தொழுகையாகிய 'இஷா'வின் பெயரும் இவ்வேரைச் சார்ந்ததே. இருவேறு மொழிக் குடும்பங்கள் ஒரே குறியை ஒரே பொழுதால் பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு எனத் தொகுத்துரைப்பதும் நாம் அறிந்ததே.

மருந்தையும் முன்னோர் அறிந்திருந்தனர். எகிப்தின் பழைய தாள்சுவடி ஒன்றிலும், கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலும் மாலைக்கண்ணுக்கு ஈரல் கூறப்பட்டுள்ளது. ஈரலில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் அறியார். பயனை மட்டும் அறிந்தனர். காரணம் வெளிப்பட இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1913இல் அமெரிக்க நாட்டு ஆய்வாளர்கள் வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் கொழுப்பில் கரையும் உயிர்காப்புப் பொருள் ஒன்று உண்டெனக் கண்டனர். அதுவே பின்னர் 'ஏ' உயிர்ச்சத்து எனப் பெயர் பெற்றது. 1930இல் தாமசு மூர் என்பார், கீரையிலும் மஞ்சள் நிறக் காய்கனிகளிலும் உள்ள கரோட்டின் உடலுக்குள் 'ஏ' உயிர்ச்சத்தாக மாறுகிறது என நிறுவினார். 1933இல் சார்ச்சு வால்டு விழித்திரையிலேயே அச்சத்து இருப்பதைக் கண்டறிந்தார். 1967இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது.

விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் அணுக்கள் கோல் வடிவின. அவற்றுள் ரொடாப்சின் என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. இது தனிப்பொருள் அன்று. ஆப்சின் என்னும் புரதமும் 'ஏ' உயிர்ச்சத்தின் ஒரு வடிவமும் இணைந்த கூட்டுப்பொருள். ஒளி படும்போது அவ்விணைப்புப் பிரிகிறது. பிரியும் செயலே பார்வையாகிறது. இருளில் மீண்டும் இணைகிறது. இணைவதற்கு வேண்டிய உயிர்ச்சத்து குருதியில் குறைந்தால் மாலைக்கண் தோன்றும். குறை நீடித்தால் வெள்விழி பளபளப்பு இழந்து வறளும். அதன்மேல் நுரை படிந்தாற்போல் பிட்டாட் புள்ளிகள் காணப்படும். இறுதியில் கருவிழி குழைந்து உருகிவிடும். அந்நிலையை எய்திய கண்ணுக்கு எவ்வுணவும் ஒளி தராது. முதற்குறிக்கும் இறுதிக்கும் இடையே, குறிப்பாகத் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ குறுக்கிட்டால், சில நாள்களே இருக்கும் என்பதுதான் இதில் அஞ்சத்தக்கது.

கூட்டு என்னும் சொல்

ரொடாப்சினைக் கூட்டுப்பொருள் என்றோம். 'கூட்டு' என்பது நம் அடுக்களைச் சொல்லும் ஆகும். பருப்பும் காயும் தேங்காயும் சேர்த்துத் தாளித்து இறக்குவதைக் கூட்டு என்கிறோம். ஒரு காய் மட்டும் வெந்தால் அது அவியல்காய், கூட்டாகாது. கண்ணுக்கான உணவைப் பற்றிக் கடந்த நூறாண்டு ஆய்வுகள் கூறும் செய்தியும் ஏறத்தாழ இதுவே. 'இன்ன பொருளில் இன்ன சத்து இத்தனை' என்னும் அட்டவணை பாதி உண்மையே. அச்சத்து எதனோடு சேர்ந்து உள்ளே செல்கிறது, உள்ளே எது அதைச் சுமந்து செல்கிறது என்பவை மறுபாதி.

முதலில் கொழுப்பு. கரோட்டினும் 'ஏ' உயிர்ச்சத்தும் நீரில் கரையா, எண்ணெயில் கரையும். எண்ணெயே இல்லாத கஞ்சியோடு உண்ட கீரையின் கரோட்டினில் பெரும்பகுதி உடலில் ஏறாமலே கழிந்துவிடும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1980இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குழந்தைகளின் கீரை உணவோடு 5 கிராம் கொழுப்பைச் சேர்த்த அளவிலேயே குருதியில் அச்சத்து உயரக் கண்டனர். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஒரு தாளிப்புக்கு வேண்டிய அளவு. கீரையைக் கடைந்து, கடுகு தாளித்துக் கொட்டிய நம் பாட்டிமார் சுவைக்காகச் செய்தனர் என்றே எண்ணியிருந்தோம். அந்நிறுவனத்தின் வரலாற்றில் நமக்கும் ஓர் உரிமை உண்டு. 1918இல் இராபர்ட் மெக்காரிசன் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது.

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திராவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு இதனை மேலும் ஒரு படி விளக்கியது. கரோட்டின் மிக்க உணவு, கூடுதல் கொழுப்பு, குடற்புழு நீக்கும் மருந்து ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தபோது, மூன்றுக்கும் பங்குண்டு எனத் தெரிந்தது. வயிற்றில் நாக்குப்பூச்சி நிறைந்திருக்கும் குழந்தைக்குக் கீரை ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்தது புரதம். 'ஏ' உயிர்ச்சத்தைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. ஆனால் அது தானே நடந்து கண்ணுக்கு வாராது. அதனைச் சுமந்து செல்லக் கல்லீரல் ஒரு தனிப்புரதத்தை ஆக்கி அனுப்ப வேண்டும். புரதப் பஞ்சம் உற்ற குழந்தையின் ஈரலில் சரக்கு இருந்தாலும் சுமப்பதற்கு வண்டி இராது. இந்நுட்பம் மதுரையிலேயே ஆராயப்பட்டது. ஆக்சுபோர்டில் கண்ணின் வேதியியலை ஆய்ந்து ஓய்வுபெற்ற ஆன்டோனெட் பிரீ அம்மையார், 1970களில் டாக்டர் ஜி. வெங்கடசாமி முதலியோருடன் இணைந்து, ஊட்டச்சத்து மையத்தில் சேர்க்கப்பட்ட கண்வறட்சிக் குழந்தைகளின் குருதியில் அச்சுமைப்புரதத்தின் அளவை மருத்துவத்துக்கு முன்னும் பின்னும் ஆய்ந்தார். அவ்வாய்வு 1977இல் வெளிவந்தது. இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. கொழுப்பு நீக்கிய பால்மாவு நிவாரணப் பொருளாக வழங்கப்பட்ட காலத்தில், 'ஏ' சத்துச் சேர்க்காத மாவை உண்ட நலிந்த குழந்தைகள் சிலர்க்குக் கண்நோய் முற்றியது. புரதம் வந்ததும் உடல் வளரத் தொடங்கியது. வளர்ச்சி, எஞ்சியிருந்த சிறிதளவு உயிர்ச்சத்தையும் விரைந்து செலவழித்தது. ஒரு சத்தை மட்டும் ஊட்டுவது உதவாதது மட்டுமன்று, சில வேளைகளில் தீங்கும் ஆகும் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

துத்தநாகத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. அச்சுமைப்புரதத்தை ஆக்கவும், விழித்திரையில் உயிர்ச்சத்தை உரிய வடிவுக்கு மாற்றவும் இவ்வுலோகம் நுண்ணளவில் வேண்டும். இறைச்சி, பருப்பு, கொட்டை வகைகளில் இது உண்டு. நேபாள நாட்டின் சமவெளி ஊர்களில் கருவுற்ற பெண்கள் பலர்க்கு மாலைக்கண் தோன்றுவது வழக்கம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தானே சரியாகிவிடும் என்று அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில், குருதியில் துத்தநாகம் குறைந்திருந்த அப்பெண்களுக்கு 'ஏ' உயிர்ச்சத்தோடு துத்தநாகமும் சேர்த்துத் தந்தபோது, இரவுப் பார்வை மீளும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

'பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்' என்னும் பேச்சு நேபாளத்துக்கு மட்டும் உரியதன்று. விருந்தினர் உண்டு, ஆடவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, இறுதியில் சட்டியில் எஞ்சிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து உண்ணும் பெண்ணின் தட்டில் கறித்துண்டு எத்தனை இருக்கும்? ஈரல் வறுவல் அவளுக்கு எட்டுமா? இவ்வினாவைச் சமுதாயப் பெரியவர்கள் முன் மதிப்புடன் வைக்கிறோம். ஈரலைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் ஈண்டு வேண்டும். 'ஏ' உயிர்ச்சத்து மிகினும் நஞ்சு. கருவுற்ற தொடக்க மாதங்களில் அதன் மிகை கருவைத் தாக்கக்கூடும் என்பதால், அக்காலத்தில் ஈரலை நாள்தோறும் உண்பதையும், மருத்துவர் சொல்லாமல் அச்சத்து மாத்திரைகளை விழுங்குவதையும் தவிர்க்க வேண்டும். கீரையின் கரோட்டினால் இத்தீங்கு இல்லை. உடல் தனக்கு வேண்டிய அளவே மாற்றிக் கொள்கிறது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குழந்தைகள்

கண்ணுக்கான சத்து உயிருக்கான சத்தும் ஆகும் என்பதை உலகுக்கு உணர்த்தியவற்றுள் நம் மண்ணில் நடந்த ஆய்வு ஒன்று முதன்மையானது. அதற்கு முன் 1986இல் ஆல்பிரட் சாமர் குழுவினர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரளவு 'ஏ' உயிர்ச்சத்துத் தந்து, குழந்தை இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக அறிவித்திருந்தனர். அறிஞர் பலர் நம்பவில்லை. கண் மருத்துவர் ஒருவர் குழந்தைச் சாவைத் தடுத்துவிட்டதாகக் கூறுவதை ஏற்க அவர்கட்குத் தயக்கம் இருந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லா தலைமையில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களில் 15,419 குழந்தைகள் ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு வாரந்தோறும் 8,333 பன்னாட்டு அலகு 'ஏ' உயிர்ச்சத்தும், அதனோடு 20 மில்லிகிராம் 'ஈ' உயிர்ச்சத்தும் தரப்பட்டன. மற்றப் பகுதியினர்க்கு 'ஈ' மட்டும். ஒவ்வொரு வாரமும் தொண்டர்கள் வீடு தேடிச் சென்றனர். 1990இல் முடிவு வெளிவந்தது: 'ஏ' உயிர்ச்சத்துப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவு.

இதில் நாம் ஊன்றி நோக்க விரும்புவது அளவையே. அரசுத் திட்டத்தின்படி 1970 முதல் ஓராண்டு கடந்த குழந்தைகட்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழங்கப்பட்டு வருவது 2,00,000 அலகு. வாரம் 8,333 என்பதை இருபத்து நான்கு வாரத்துக்குப் பெருக்கினால் அதே இரண்டு இலட்சம்தான் வருகிறது. மொத்தத்தில் வேறுபாடு மிகுதியில்லை; தரும் முறையில்தான் வேறுபாடு. ஒன்று மருந்து போல் மொத்தமாக வருகிறது. மற்றது உணவு போல் சிறுகச் சிறுக வருகிறது. வாரம் 8,333 அலகு என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 357 மைக்ரோகிராம். உணவிலிருந்தே எட்டக்கூடிய அளவு இது என்று அவ்வாய்வாளர்களே குறித்துள்ளனர்.

எட்டுமா என்று நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கீரையின் கரோட்டின் பன்னிரண்டு பங்கு சேர்ந்தால் 'ஏ' உயிர்ச்சத்து ஒரு பங்கு என்பது 2001 முதல் பெரிதும் ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு முன் ஆறுக்கு ஒன்று என்றே நம்பியிருந்தனர். எனவே நாளொன்றுக்கு 4,284 மைக்ரோகிராம் கரோட்டின் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்ட அட்டவணையில் நூறு கிராம் முருங்கைக்கீரைக்கு 6,780 மைக்ரோகிராம் எனவும், அகத்திக்கீரைக்கு 5,400 எனவும், கறிவேப்பிலைக்கு 7,560 எனவும், காரட்டுக்கு 1,890 எனவும் காணப்படுகின்றன. 2017இல் வெளிவந்த புதிய அட்டவணையில் எண்கள் மாறியுள்ளன. காரட்டின் மதிப்பு நன்கு உயர்ந்துள்ளது. எனினும் முருங்கைக்கீரை காரட்டுக்கு மேலே நிற்கும் வரிசை மாறவில்லை. பழைய எண்ணைக் கொண்டே பார்த்தாலும் ஏறத்தாழ 63 கிராம் முருங்கைக்கீரை போதும். கொல்லையில் ஒரு மரம் நின்றால் காசு செலவில்லை. கறிவேப்பிலை முதலிடம் பெறுவதைக் கண்டு மகிழ்வோர், அதனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும் தம் வழக்கத்தையும் எண்ணிப் பார்ப்பாராக.

ஆய்வுலகம் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தந்த பேரளவால் இறப்பு 4 விழுக்காடே குறைந்தது. புள்ளியியல் நோக்கில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. தட்டம்மைத் தடுப்பூசி பரவிய பின், பழைய அளவில் பயன் எதிர்பார்க்க இயலாது என்பர் ஒரு சாரார். கொடுத்த முறையில் குறை இருக்கலாம் என்பர் மறு சாரார். எவ்வாறாயினும் குறைபாடு ஒழிந்துவிடவில்லை. 2016-18இல் எடுக்கப்பட்ட நாடளாவிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 விழுக்காட்டினர்க்கு 'ஏ' உயிர்ச்சத்துக் குறை இருப்பதாகக் காட்டியது. உருகிய கருவிழிகளை மருத்துவமனைகளில் காண்பது அரிதாகியுள்ளது. குருதிக்குள் மறைந்திருக்கும் குறை அத்தனை அரிதன்று.

தமிழகத்தில் 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முட்டை பின்னர்ச் சேர்ந்தது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை என வளர்ந்தது. முட்டை ஒன்றனுள் 'ஏ' உயிர்ச்சத்து, அதனைக் கரைக்கும் கொழுப்பு, சுமக்கும் புரதம், துணைநிற்கும் துத்தநாகம் ஆகியவை ஒருங்கே உள்ளன. இயற்கையே சமைத்துத் தந்த கூட்டு எனலாம்.

கடைதல், மசித்தல், ஆணம்

கரோட்டின் இலையின் நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடப்பது. வேகவைத்து மசிக்கும்போது அறைச்சுவர் உடைந்து அது வெளிப்படுகிறது. மத்தால் கீரை கடையும் நம் வழக்கம் இதற்கு மிகப் பொருந்தியது. பச்சைக் காரட்டைக் கடித்துத் தின்பதைக் காட்டிலும் வேகவைத்து எண்ணெய் சேர்த்த காரட்டிலிருந்து மிகுதியாகக் கரோட்டின் கிடைக்கும். வெந்நீரை வடித்துக் கொட்டுவதால் கரோட்டின் போகாது. 'சி' உயிர்ச்சத்துத்தான் போகும். கீரையை வெயிலில் உலர்த்திப் பொடியாக்குவது மட்டும் ஆகாது. கதிரவன் ஒளி கரோட்டினைச் சிதைக்கும். நிழலில் உலர்த்துதல் நன்று.

கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் 'ஆணம்' என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. குழம்பு என்னும் பொருளுடைய இத்தமிழ்ச்சொல்லைப் பிறர் மறந்தும் நாம் மறக்கவில்லை. முருங்கைக்கீரையைத் தேங்காய்ப்பாலில் இட்டு ஆக்கும் கீரை ஆணத்தில் கரோட்டினும் கொழுப்பும் ஒரே சட்டியில் கூடுகின்றன. அதனோடு மீன் பொரித்து உண்டால் புரதமும் சேர்ந்துவிடும். இத்தகைய உணவு உள்ள வீட்டில், விளம்பரத்தில் வரும் சத்துமாவுக்கு என்ன வேலை என்று நமக்கு விளங்கவில்லை.

பொன்னாங்கண்ணியைப் பற்றியும் ஒரு சொல். 'பொன் ஆம் காண் நீ' எனப் பிரித்துப் பொருள் கூறுவது நாட்டார் சொல்லாராய்ச்சி. மொழிநூலார் ஏற்பது கடினம். பகலில் விண்மீன் தெரியும் என்னும் பேச்சும் அத்தகையதே. கீரை என்ற அளவில் அது நல்ல கீரை. அதற்கு மேல் அதன் தலையில் சுமை ஏற்ற வேண்டியதில்லை. காரட்டுக்கும் இத்தகைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஆங்கில விமானிகள் காரட் தின்று இருளில் பகைவரைக் கண்டனர் என்று 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரப்பப்பட்டது. உண்மையில் அவர்களுக்கு உதவியது ராடார். குறையுள்ளவர்க்குச் சத்து பார்வையை மீட்கும். நிறையுள்ளவர்க்கு மிகையாக எதையும் தாராது. மாணவர் பலர் கேட்கும் கண்ணாடியும் இதில் அடங்கும். கிட்டப்பார்வை விழியின் நீளத்தால் வருவது. எவ்வளவு கீரை உண்டாலும் கண்ணாடி கழலாது. இளம்பிள்ளைகள் நாள்தோறும் திறந்தவெளியில் பகலொளியில் இருந்தால் அக்குறை தோன்றுவது ஓரளவு தடைப்படும் என்பதே அண்மைக் கால ஆய்வு முடிவு.

முதியோர் கண்

பெரியவர்கள் நம்மிடம் கேட்பன இரண்டு: கண்புரையை உணவால் தடுக்கலாமா? மருந்துக்கடையில் விற்கும் கண் மாத்திரை வாங்கலாமா?

முதல் வினாவுக்கு விடை எளிதன்று. புதுச்சேரிப் பகுதியிலும் வட இந்தியாவிலும் முதியோரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், குருதியில் 'சி' உயிர்ச்சத்து மிகுந்தவர்களிடம் கண்புரை குறைந்து காணப்பட்டது. நம் முதியோர் பலர்க்கு அச்சத்து வெகுவாகக் குறைந்திருந்ததும் தெரிந்தது. நெல்லி, கொய்யா, எலுமிச்சை ஆகியவை மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இது வருந்தத்தக்கது. ஆனால் மதுரைப் பகுதியில் கரோட்டினையும் 'சி', 'ஈ' உயிர்ச்சத்துகளையும் மாத்திரையாக ஐந்தாண்டுகள் தந்து பார்த்த ஆய்வு, புரையின் வளர்ச்சி அதனால் தடைப்படவில்லை என 2006இல் கூறிவிட்டது. பல்லாண்டுகள் பழம் உண்டவர் உடலும், புரை தொடங்கிய பின் மாத்திரை விழுங்கியவர் உடலும் ஒன்றல்ல என்றே நாம் பொருள் கொள்கிறோம். முற்றிய புரைக்கு அறுவை ஒன்றே வழி. அதனை அஞ்சித் தள்ளிப்போட்டு இலைச்சாறு பிழிந்து கண்ணில் விடுவது பார்வையைப் பலியிடுவதாகும்.

இரண்டாம் வினாவுக்கு அமெரிக்காவில் நடந்த பேராய்வு விடை தருகிறது. விழித்திரையின் நடுவே மஞ்சள் புள்ளி என்னும் சிற்றிடம் உள்ளது. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். அம்மஞ்சள் நிறம் லூட்டின், சியாசாந்தின் என்னும் இரு நிறமிகளால் ஆயது. அவை கீரையிலும் முட்டைக் கருவிலும் மக்காச்சோளத்திலும் உண்டு. முதுமையில் அவ்விடம் நைந்து போகும் நோய் வருகிறது. 2001இல் வெளியான அவ்வாய்வு, 'சி' 500 மில்லிகிராம், 'ஈ' 400 அலகு, கரோட்டின் 15 மில்லிகிராம், துத்தநாகம் 80 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம் சேர்ந்த கூட்டு மாத்திரையை நாள்தோறும் தந்தது. நோய் நடுநிலை எய்தியவர்க்கும், ஒரு கண்ணில் முற்றியவர்க்கும், அது மேலும் முற்றும் வாய்ப்பு ஐந்தாண்டில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. நோய் இல்லாதவர்க்கு வாராமல் தடுத்ததாகச் சான்றில்லை, புரைக்கும் பயனில்லை.

செம்பு எதற்கு என்று கேட்கலாம். துத்தநாகம் மிகுந்தால் குடல் செம்பை ஏற்பது தடைப்பட்டுச் சோகை வரும். அதனைத் தடுக்கவே செம்பைச் சேர்த்தனர். கூட்டில் ஒன்றை மிகுத்தால் மற்றொன்று குறையும் என்னும் இயல்பு இதில் தெளிவாகிறது. கரோட்டினுக்கு நேர்ந்தது இதனினும் கடுமை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்து 1994இல் வெளியான ஆய்வில், கரோட்டின் மாத்திரை பெற்றோர்க்கு நுரையீரற் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. காக்கும் என்று தந்த மருந்து கொல்லத் தலைப்பட்டது. ஆகவே 2013இல் வெளியான இரண்டாம் ஆய்வு, கரோட்டினை நீக்கி, லூட்டின் 10 மில்லிகிராமும் சியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்ப்பதே ஏற்றது என்றது. பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் பெரியவர்கள் கடையில் வாங்கும் கண் மாத்திரையின் உறையில் 'பீட்டா கரோட்டின்' என்று உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கீரையில் உள்ள கரோட்டினுக்கு அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

நம் ஊர்களில் முதியோர் பார்வையை இன்று மிகுதியாக அச்சுறுத்துவது நீரிழிவு. சென்னையில் நடந்த ஆய்வுகள், நீரிழிவு உடையோரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர்க்கு விழித்திரை தாக்குண்டிருப்பதைக் காட்டின. தாக்குண்ட தொடக்கத்தில் வலியில்லை, மங்கலும் இல்லை. குருதிச் சர்க்கரையை இறுகக் கட்டுப்படுத்தியவர்க்கு விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்ததாக, இன்சுலின் சார்ந்த நீரிழிவு பற்றிய 1993ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு கூறியது. மற்ற வகை நீரிழிவிலும் கட்டுப்பாட்டால் பயனுண்டென்று 1998இல் ஆங்கில நாட்டு ஆய்வு காட்டியது. நெய்ச்சோறும் தாலிச்சாவும் விருந்துக்குரியவை. அவற்றை விலக்க நாம் கூறவில்லை. தட்டில் சோறு மலைபோலவும் காய் ஊறுகாய் போலவும் இருக்கும் நாள்தோறுமான உணவைத்தான் குறிக்கிறோம். அளவை மாற்றி, கீரைக் கூட்டும் பருப்பும் சோற்றுக்கு நிகராக நின்றால் சர்க்கரை ஏறும் விரைவு தணியும். நோன்பு நாள்களில் மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதிப்பது, பார்வை நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியது.

இளைஞர் பக்கம் மீண்டும் வருவோம். விடுதி மாணவர் பலர் காலை உணவைத் தவிர்த்து, மாலையில் புரோட்டாவும் சால்னாவும் உண்டு நாளைக் கழிக்கின்றனர். வயிறு நிறைகிறது; கீரையும் பழமும் வாரக்கணக்கில் நாவில் படுவதில்லை. விடுதி உணவுப் பட்டியலில் வாரம் இருமுறை கீரைக் கடையலும், முட்டையும், ஒரு பருவப்பழமும் கேட்டுப் பெறுவது மாணவர் கையில் உள்ளது. மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்றக் காலத்தில் பப்பாளியோ கொய்யாவோ போதும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்களில் பாசிப்பயறும் தேங்காய்ப்பாலும் கறியும் ஏற்கெனவே உள்ளன. ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கை, இறக்குவதற்குச் சற்று முன் இட்டால் சுவை கெடாது. இதனை நிர்வாகிகளிடம் எடுத்துச் சொல்வது பெரியவர்களால் ஆகும். கடையலில் எண்ணெய்த் தாளிப்பு விடுபடாமல் பார்த்துக் கொள்வது சமையற்காரர் பொறுப்பு.